அபிஷிக்தானந்தரின் அருணாசல எழுத்துகள்: பிளவுபடாத பிரமாணிக்கம்

அபிஷிக்தானந்தர் (1910–1973) பிரான்ஸில் பிறந்து தமிழ்நாட்டில் வாழ்ந்த கத்தோலிக்கத் துறவி, எழுத்தாளர். இயற்பெயர் ஆன்ரி லெ சோ. பிரிட்டனி பகுதியின் சான்-பிரியாக் என்னும் கடலோரச் சிற்றூரைச் சேர்ந்தவர். 1929இல் கெர்கோனான் மடத்தில் பெனடிக்டின் சபைத் துறவியாகச் சேர்ந்து 1935இல் குருப்பட்டம் பெற்றார். 1948இல் இந்தியா வந்து, முன்பே இங்கிருந்த பிரெஞ்சுக் குருவான ஜூல் மொன்ஷானினுடன் சேர்ந்து குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினார். சாந்திவனம் என்று இன்று அறியப்படுவது அதுதான்.

அவருடைய எழுத்துகளில் திருவண்ணாமலை அனுபவத்தைச் சொல்பவை இரண்டு. ஒன்று, ‘அருணாசல ரகசியம்’ என்று தமிழில் சொல்லத்தக்க நினைவு நூல். மற்றொன்று, 1948 முதல் 1973 வரை எழுதிய நாட்குறிப்பு. இரண்டுமே அவர் மறைவுக்குப் பின் அச்சேறின. நினைவு நூல் 1970களின் இறுதியில் வந்தது. நாட்குறிப்பை ரைமோன் பணிக்கர் தொகுத்துத் தர, 1986இல் பிரெஞ்சில் வெளிவந்தது. ஒரே மலை, ஒரே குகைகள், ஒரே மனிதர். ஆனால் இரு நூல்களும் ஒன்று சொல்வதை மற்றொன்று சொல்வதில்லை. அந்த இடைவெளியில்தான் கிறிஸ்தவ வாழ்வில் கடவுளுக்குச் செலுத்தவேண்டிய பிளவுபடாத பற்று என்ற கேள்வி இருக்கிறது.

பிரமாணிக்கம் என்ற சொல்

தமிழ்க் கத்தோலிக்கர்கள் இந்தப் பற்றுக்குப் பயன்படுத்தும் சொல் பிரமாணிக்கம். திருமணத்தில் மணமக்கள் ஒருவருக்கொருவர் கொடுக்கும் வாக்கில் அந்தச் சொல் வருகிறது. ஆகவே ஒரு தமிழ்க் கத்தோலிக்கரின் காதில் கடவுளுக்குப் பிரமாணிக்கமாக இருப்பது என்பது கொள்கையை ஏற்பதைவிட, கைப்பிடித்தவரை விடாதிருப்பது என்றே முதலில் ஒலிக்கும்.

இரண்டு எஜமானர்களுக்கு ஒருவன் ஊழியம் செய்ய முடியாது என்னும் மத்தேயு நற்செய்தியின் வசனம் பிரசங்கங்களில் இதற்காகவே எடுத்தாளப்படுகிறது. அந்த வசனத்தில் இரண்டாவது எஜமானன் வேறொரு மதமோ வேறொரு தெய்வமோ அல்ல, பணம். பிரசங்க மேடைகளில் இது அடிக்கடி மறக்கப்படுகிறது. முழுமையான பற்றுக்கு விவிலியத்தின் மூலக்கட்டளை உபாகமம் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. முழு இருதயத்தோடும் கடவுளிடம் அன்புகூர வேண்டும் என்பது அக்கட்டளை. இயேசுவும் தலைமைக் கட்டளையாக அதையே சொல்கிறார்.

பெனடிக்டின் துறவிக்கு இந்தக் கட்டளை இன்னும் நெருக்கமாக வருகிறது. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித பெனடிக்டின் ஒழுங்குநூல், கிறிஸ்துவின் அன்புக்கு முன்னே வேறெதையும் வைக்கக்கூடாது என்கிறது. கீழ்ப்படிதல், வாழ்க்கை மாற்றம், நிலைத்திருத்தல் ஆகிய மூன்று வாக்குகளை அத்துறவி கொடுக்கிறார். நிலைத்திருத்தல் என்றால் சேர்ந்த மடத்தைவிட்டுச் சாகும்வரை விலகாதிருப்பது. லெ சோ இவ்வாக்குகளுடன் கெர்கோனானில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இருந்தவர். இந்தியாவுக்கு வந்தது கிறிஸ்துவை விடுவதற்காக அல்ல. இந்தியத் துறவுமுறையில் கிறிஸ்துவைத் தியானிக்கும் ஒரு மடத்தை அமைப்பதற்காக.

1949

1949 ஜனவரியில் மொன்ஷானின் அவரைத் திருவண்ணாமலைக்கு, ரமணாசிரமத்துக்கு அழைத்துச் சென்றார். நினைவு நூலில் மிகச் சிறப்பாக எழுதப்பட்ட பகுதி இந்த முதல் சந்திப்புதான். பெரிய எதிர்பார்ப்புடன் போகிறார். கூடத்தில் ஒரு வயதான மனிதர் உட்கார்ந்திருக்கிறார். மக்கள் வந்து விழுந்து வணங்குகிறார்கள், போகிறார்கள். அவருக்கு எதுவும் நிகழவில்லை. ஏமாற்றம். அதை மறைக்காமல் எழுதுகிறார். மாலையில் சிறுவர்கள் வேதம் ஓதுவதைக் கேட்கும்போதுதான் உள்ளே ஏதோ அசைகிறது.

ஆசிரமத்தில் தங்கியிருந்த எதெல் மெர்ஸ்டன் என்ற ஆங்கிலப் பெண்மணி அவரிடம் பேசுகிறார். தெரிந்துகொள்ள வேண்டும், கேட்க வேண்டும் என்ற மூட்டை முடிச்சுகளோடு வந்திருக்கிறீர்கள், அதனால்தான் ஒன்றும் கிடைக்கவில்லை என்ற பொருளில் சொல்கிறார். பிறகு அவருக்குக் காய்ச்சல் வருகிறது. காய்ச்சல் கனவுகளில் அவர் மனம் ரமணரைத் தன் பழைய கிறிஸ்தவச் சட்டகத்துக்குள் வைத்துப்பார்க்க முயன்றுகொண்டே இருக்கிறது. சட்டகம் போதவில்லை.

இதற்கு முன்னும் மேலைநாட்டார் பலர் ரமணரிடம் வந்திருக்கிறார்கள். பால் பிரண்டனின் நூல் 1934இலேயே ரமணரை உலகத்துக்கு அறிமுகப்படுத்திவிட்டது. பிரண்டன் வந்தது ஒரு குருவைத் தேடி. லெ சோவுக்கு ஏற்கெனவே ஒரு குரு இருந்தார். வேறு யாரையும் அவருக்கு மேல் வைப்பதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவர். இவ்வேறுபாடே லெ சோவின் எழுத்துக்கு எடை தருகிறது.

அவ்வாண்டிலேயே மீண்டும் ஒருமுறை திருவண்ணாமலை சென்றார். ரமணர் அப்போது கையில் புற்றுக்கட்டியுடன் அறுவைச் சிகிச்சைகளுக்கு இடையில் இருந்தார். 1950 மார்ச் 21 அன்று, புனித பெனடிக்டின் திருநாளில், சாந்திவனம் தொடங்கப்பட்டது. 24 நாட்கள் கழித்து, ஏப்ரல் 14 அன்று, ரமணர் மறைந்தார்.

ஒரு முரண் இங்கே கவனிக்கத்தக்கது. நிலைத்திருத்தல் என்ற வாக்கை ரமணர் யாருக்கும் கொடுத்ததில்லை. ஆனால் 1896 செப்டம்பர் 1 அன்று பதினாறு வயதில் திருவண்ணாமலை வந்தவர் ஏறத்தாழ 54 ஆண்டுகள் அந்த மலையடிவாரத்தைவிட்டு நீங்கவில்லை. அவ்வாக்கை முறைப்படி கொடுத்த லெ சோ கெர்கோனான், தண்ணீர்ப்பள்ளி, திருவண்ணாமலை, திருக்கோவிலூர், உத்தரகாசி என வாழ்நாள் முழுதும் அலைந்தார்.

குகையும் இருதயமும்

1952 முதல் சில ஆண்டுகள் லெ சோ அருணாசல மலைக் குகைகளில் பல முறை தங்கினார். மௌனத்திலும் தனிமையிலும் இருந்தார். பிச்சை ஏற்று உண்டார். மலையில் வாழ்ந்த துறவிகள், ஊர் மக்கள், தன்னிடம் வந்து பேசியவர்கள் ஆகியோரைப் பற்றி நினைவு நூல் பரிவுடன் சொல்கிறது. அருணாசலம் தன்னைப் பிடித்துக்கொண்டுவிட்டது என்ற உணர்வு இரு நூல்களிலும் திரும்பத் திரும்ப வருகிறது.

இவ்வனுபவத்தை ‘இரு மதங்களின் சந்திப்பு’ என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். உண்மையில் நிகழ்ந்தது அதைவிடக் கூர்மையானது. முழு இருதயத்தோடும் அன்புகூர வேண்டும் என்பது அவர் சிறுவயது முதல் கேட்டுவந்த கட்டளை. அன்புகூரும் இருதயம் எது, ‘நான்’ என்று சொல்லிக்கொண்டு அன்புசெய்பவன் யார் என்று ரமணர் வழி கேட்டது. முதலாவது, ஓர் இருதயம் இருப்பதாகக் கொண்டு அதைப் பகுக்காமல் கொடு என்கிறது. இரண்டாவது, கொடுப்பதற்கு முன் அது எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறது. லெ சோ பார்க்கப் போனார். உபநிடதங்கள் இதயத்தைக் குகை என்று குறிப்பதால், மலைக்குகையும் இதயக்குகையும் அவர் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. நாட்குறிப்பின் பிரெஞ்சுத் தலைப்பே இதயத்தின் ஆழத்துக்கு ஏறுதல் என்று பொருள்படுவது.

பார்க்கப் போனவருக்கு அங்கே இரண்டு பேர் இல்லை என்று தோன்றியது. அன்பு செய்பவனும் செய்யப்படுபவனும் தனித்தனியாக இல்லை. அத்வைதம் சொல்வது இதைத்தான். இரண்டாவது இல்லாத இடத்தில் பற்று பிளவுபட வழியே இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால், பிளவுபடாத பற்று என்ற கட்டளைக்கு இதைவிட முழுமையான நிறைவேற்றம் வேறு இருக்க முடியாது. ஆனால் இரண்டாமவர் இல்லையென்றால் பற்று என்ற சொல்லுக்கே பொருள் ஏது? யாருக்குப் பிரமாணிக்கமாக இருப்பது? கைப்பிடித்தவர் என்று ஒருவர் வேண்டாமா? லெ சோவின் வாழ்நாள் வேதனை இந்த இடத்தில் தொடங்குகிறது.

விவிலியத்துக்கும் ரமணருக்கும் நடுவே ஒரு பாலமும் இருந்தது. எரியும் முட்செடியிலிருந்து கடவுள் மோசேயிடம் தம்மை ‘இருக்கிறவர்’ என்று அறிவித்த யாத்திராகம வசனத்தை ரமணர் தம் போதனையுடன் ஒப்பிட்டுப் பேசியிருக்கிறார். அங்கே எரிந்தும் கருகாத செடி. இங்கே பிரம்மாவும் திருமாலும் அடிமுடி காணமுடியாமல் தோற்ற நெருப்புத் தூண் குளிர்ந்து மலையானதாகத் தலபுராணம். பின்னாளில் லெ சோ இயேசுவைப் புரிந்துகொள்ள எடுத்த வழியும் இந்த வசனத்திலிருந்தே கிளைக்கிறது. யோவான் நற்செய்தியில் இயேசு ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்லும் இடங்களை அவர் மீண்டும் மீண்டும் வாசித்தார்.

மொன்ஷானின்

லெ சோவுக்கு மிக நெருக்கமான மறுப்பு ஆசிரமத்துக்குள்ளேயே இருந்தது. மொன்ஷானின் (1895–1957) லியோன் மறைமாவட்டத்தில் பெயர்பெற்ற அறிஞராக இருந்துவிட்டு 1939இல் திருச்சி மறைமாவட்டத்துக்கு வந்தவர். காவி உடுத்தார். பரம அரூபி ஆனந்தம் என்ற பெயர் பூண்டார். லெ சோவை ரமணரிடம் அழைத்துச் சென்றவரும் அவரே. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, அத்வைதத்துக்கும் மூவொரு கடவுள் கோட்பாட்டுக்கும் நடுவே உள்ள பள்ளம் கடக்கமுடியாதது என்ற முடிவுக்கு அவர் வந்தார். தம் இளைய தோழர் போகும் திசை அவருக்குக் கவலை தந்தது.

அபிஷிக்தானந்தரைப் போற்றி எழுதுபவர்கள் பலர் மொன்ஷானினைப் பாதிவழியில் நின்றுவிட்டவராகக் காட்டுகிறார்கள். இது நியாயமன்று. மூவொரு கடவுள் என்றால் கடவுளுக்குள்ளேயே ‘நீ’ என்று அழைக்கும் உறவு இருக்கிறது என்று பொருள். அந்த ‘நீ’ கரைந்துவிட்டால் எஞ்சுவதைக் கிறிஸ்தவம் என்று அழைப்பதில் பொருளில்லை என்பது மொன்ஷானினின் வாதத்தின் சாரம். அது பயந்தவரின் வாதம் அல்ல. லெ சோவே அதைத் தம் நாட்குறிப்பில் தம்மிடம் திரும்பத் திரும்ப வைத்துக்கொள்கிறார். நோயுற்றுப் பாரிஸ் சென்ற மொன்ஷானின் 1957 அக்டோபரில் அங்கே இறந்தார். வாதம் முடியவில்லை. ஒரு தரப்பு இல்லாமல் போனது.

நாட்குறிப்பும் நினைவு நூலும்

நினைவு நூலை வாசிப்பது இனிமையான அனுபவம். மலை, குகை, எளிய மனிதர்கள், மௌனம் எல்லாம் ஒளியுடன் வருகின்றன. இந்தக் கிறிஸ்தவத் துறவி அருணாசலத்தால் நிறைவுபெற்றார் என்ற எண்ணத்துடன் நூலை மூடிவிடலாம். அதே ஆண்டுகளின் நாட்குறிப்பைத் திறந்தால் வேறொரு மனிதர் எதிர்ப்படுகிறார். 1953இல் எழுதும்போது, அத்வைதத்தில் இதுவரை அறியாத அமைதியைக் கண்டுவிட்டதாகச் சொல்கிறார். உடனேயே, தம்முள் இருக்கும் கிறிஸ்தவம் சொல்வதே உண்மையாக இருந்துவிட்டால் இந்த அமைதியைப் பலியிட வேண்டுமே என்ற அச்சம் வருகிறது. தாம் கண்டது கடவுளையா, தம்மையேயா என்று கேட்டுக்கொள்கிறார். மறுபக்கம் போனபின் திரும்பிவர முடியாமல் போய்விடுமோ என்று நடுங்குகிறார்.

விமர்சன நோக்கில் நாட்குறிப்பே பெரிய நூல். காரணம் எளியது. நினைவு நூலில் ஆசிரியர் எங்கே போய்ச்சேர்ந்தார் என்பது அவருக்குத் தெரியும். நாட்குறிப்பில் தெரியாது. பற்று என்பது முடிவு தெரியாத நிலையில்தான் சோதிக்கப்படுகிறது. ஒரு நாளின் குறிப்பு கிறிஸ்துவே சற்குரு என்று உறுதியாகச் சொல்லும். மறுநாளின் குறிப்பு அந்தச் சொல்லையே கேள்விக்குள்ளாக்கும். பிரெஞ்சு வாக்கியத்தின் நடுவே தமிழும் சமஸ்கிருதமும் கிரேக்கமும் புகுகின்றன. எழுதுபவரின் மொழியே ஓரிடத்தில் நிற்கவில்லை.

இவ்வாண்டுகளில் ‘குகாந்தரன்’ என்னும் பொருள்பட, குகைவாசியின் பெயரில் அவர் எழுதிய கைப்பிரதி ஒன்று உண்டு. அதைத் திருச்சபைத் தணிக்கையாளர் கடுமையாக மறுத்துவிட்டார். அவர் வாழ்நாளில் அது அச்சாகவில்லை. மறுப்பு வந்த பிறகும் அவர் திருச்சபையைவிட்டு வெளியேறவில்லை. தணிக்கைக்கு உட்பட்டே பிற நூல்களை வெளியிட்டார். 1965இல் பிரெஞ்சில் வந்த, அத்வைதத்தையும் மூவொரு கடவுளையும் ‘சச்சிதானந்தம்’ என்ற சொல்லின் கீழ் இணைத்துக் காட்டும் நூல் அப்படிப்பட்டது. சத், சித், ஆனந்தம் மூன்றையும் தந்தை, மகன், ஆவி என்று பொருத்தும் அந்தக் கட்டமைப்பு நேர்த்தியானது. நேர்த்தியே அதன் பலவீனமும். நாட்குறிப்பில் ரத்தம் வடியும் இடத்தில் அங்கே தையல் மட்டும் தெரிகிறது. பின்னாளில் அவரே அந்நூலில் நிறைவு கொள்ளவில்லை.

அவரை விமர்சிப்பவர்கள் இரண்டு படகில் கால் வைத்தவர் என்கிறார்கள். இரண்டு படகில் கால் வைப்பவனுக்கு இரண்டிலும் பாதி மனமே இருக்கும். லெ சோவின் சிக்கல் நேர்மாறானது. பாதி மனதை எங்கேயும் வைக்கத் தெரியாதவர் அவர். அந்தத் திறமை இருந்திருந்தால் எளிதாகத் தப்பித்திருப்பார். பதினேழாம் நூற்றாண்டில் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பூணூலும் சந்தனமும் சமூக வழக்கம், சமயம் அன்று என்று பிரித்துக் காட்டினார். 1623இல் ரோமின் அனுமதியையும் பெற்றார். உடை, உணவு, மொழி ஒரு பக்கம், விசுவாசம் ஒரு பக்கம். பற்று கறைபடாமல் காப்பாற்றப்பட்டது. லெ சோவால் அந்தக் கோட்டைக் கிழிக்க முடியவில்லை. காவி உடுத்தால் உள்ளே வரை காவியாக வேண்டும் என்று நினைத்தவர் அவர்.

திருவெம்பாவை பாடப்பட்ட ஊர்

அபிஷிக்தானந்தர் வாசிப்பில் ஒரு குறை உண்டு. திருவண்ணாமலையில் அமர்ந்து அவர் முதன்மையாகத் தேடியது உபநிடதங்களை. அந்த ஊரின் தமிழோ பிளவுபடாத பற்றைப் பற்றி வேறொன்றும் சொல்கிறது. மாணிக்கவாசகரின் திருவெம்பாவை திருவண்ணாமலையில் பாடப்பட்டது என்பது மரபு. மார்கழி விடியலில் நீராடப் போகும் பெண்கள் அதில் சிவனிடம் ஒரு வேண்டுதல் வைக்கிறார்கள். சிவனடியார் அல்லாதவரைத் தாங்கள் மணக்கக்கூடாது, தங்கள் கைகள் அவனுக்கு அன்றி வேறு பணி செய்யக்கூடாது என்ற அளவுக்கு அது போகிறது. திருமணத்தையும் உட்படுத்திய பிரமாணிக்கம் அது. இதில் இரண்டாமவர் கரைந்துபோவதில்லை. அவர் எதிரே நிற்கிறார், உரிமை கேட்கிறார்.

அத்வைதியான ரமணரே அருணாசலத்தைத் தலைவனாக வைத்து 108 கண்ணிகளில் அட்சரமணமாலை பாடினார். தலைவியின் ஊடலும் ஏக்கமும் அதில் உண்டு. இரண்டில்லை என்று கண்டவர் இரண்டாக நின்று பாடியது ஏன்? இந்தக் கேள்வி லெ சோவுக்குப் பெரிதும் உதவியிருக்கும். ‘நீ’ என்று அழைப்பதற்கும் ‘இரண்டில்லை’ என்பதற்கும் இடையே அவர் கண்ட பள்ளத்தில், தமிழ்ப் பக்தி பல நூற்றாண்டுகளாக நடந்து பழகிய ஒரு பாதை இருந்தது.

அந்தப் பாதையைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, பனியனின் மோட்சப் பயணக் கதையைத் தழுவி 1894இல் இரட்சணிய யாத்திரிகம் தந்தார். வைணவப் பக்தியின் உருக்கம் முழுவதும் அதில் கிறிஸ்துவை நோக்கித் திரும்பியிருக்கிறது. வெளியிலிருந்து வந்த ஜி.யு. போப் தம் எண்பதாம் வயதில், 1900இல், திருவாசகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதன் மீது அவருக்கிருந்த காதல் மறைக்கக்கூடியதல்ல. இருந்தும் ஆங்கிலிக்கக் குருவாகவே வாழ்ந்து இறந்தார். கிருஷ்ணபிள்ளை ஒன்றை விட்டு அதன் மொழியைக் கொண்டுவந்தார். போப் தொலைவில் நின்று நேசித்தார். இருவரும் அமைதியாக இருந்ததற்குக் காரணம், இருவருமே லெ சோவைப் போல அந்தக் கேள்வியின் நடுவே போய் உட்காரவில்லை என்பதும்தான்.

விடுபட்டவர்கள்

அருணாசல எழுத்துகளில் அதிகம் காணக்கிடைக்காதவர்கள் திருவண்ணாமலைப் பகுதியின் கிறிஸ்தவர்கள். ஊரில் டேனிஷ் மிஷன் நடத்திய பள்ளி உண்டு. பழைய வடாற்காடு, தென்னாற்காடு மாவட்டக் கிராமங்களில் திருச்சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தோர். அவர்களுக்கு அருணாசலம் புதிதாகக் கண்டடையவேண்டிய ரகசியம் அல்ல. அவர்கள் முன்னோர் வெளியே நிறுத்தப்பட்ட கோயிலின் மலை அது. சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இல்தான் முழு வடிவில் வந்தது. லெ சோ முதன்முறை அந்த ஊருக்கு வருவதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்.

1950 ஆகஸ்டில், சாந்திவனம் தொடங்கிய ஐந்தாம் மாதத்தில், பட்டியல் சாதியினர் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை வெளியானது. இந்து மதம் அல்லாத மதத்தைப் பின்பற்றுபவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்பது அதன் விதி. பின்னர் சீக்கியர்களுக்கும் (1956) பௌத்தர்களுக்கும் (1990) விலக்குக் கிடைத்தது. கிறிஸ்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. சேரியில் பிறந்த கிறிஸ்தவருக்கு ஒரே கடவுளிடம் பிரமாணிக்கம் என்பது அன்றுமுதல் சாதிச் சான்றிதழில் எழுதப்படும் விஷயமாகிவிட்டது. படிப்பு, வேலை, தேர்தலில் நிற்கும் உரிமை எல்லாம் அந்த ஒரு வரியைப் பொறுத்தவை. சான்றிதழில் ஒரு மதம், ஞாயிற்றுக்கிழமை வேறு மதம் என்று வாழ நேர்ந்த குடும்பங்கள் தமிழ்நாடெங்கும் உண்டு. திருமுழுக்குப் பெயர் கோயில் பதிவேட்டிலும் வேறொரு பெயர் பள்ளிப் பதிவேட்டிலும் இருக்கும்.

இவர்கள் பற்றும் பிளவுபட்டதுதான். ஆனால் பிளந்தது இவர்கள் அல்ல, அரசும் சாதியும். குகையில் ஒரு துறவி அனுபவித்த பிளவுடன் இதை ஒப்பிட்டால் அவருடைய வேதனை பொய்யாகிவிடாது. அந்த வேதனையைப் பட அவருக்கு வாய்த்த சுதந்திரம் கண்ணில் படும். மலையேறித் தங்கவும், மடத்துக்கு வெளியே வாழ அனுமதி பெறவும், காவி உடுத்தி எந்தத் தெருவிலும் நடக்கவும் அவரால் முடிந்தது. 1980களின் தொடக்கத்தில் அர்விந்த் நிர்மல் முன்வைத்த தலித் இறையியல் இந்தக் கேள்வியைத்தான் எழுப்பியது. இந்தியக் கிறிஸ்தவச் சிந்தனை பிராமண மரபுடன் உரையாடுவதையே இந்தியமாதல் என்று நினைத்துவிட்டது என்பது அவருடைய குற்றச்சாட்டு. அபிஷிக்தானந்தரின் நூல்கள் அதற்குப் பதிலளிக்கவில்லை. அவர் காலத்தில் கேள்வி இந்த வடிவில் வரவில்லை என்று சொல்லலாம். கேள்விக்குரிய மக்கள் அவர் நடந்த சாலையிலேயே இருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

எதிர்த்திசையிலிருந்தும் ஐயம் வந்தது. சீதாராம் கோயல் 1988இல் எழுதிய நூல் கத்தோலிக்க ஆசிரமங்களின் காவியை மதமாற்றத்தின் மாறுவேடம் என்றது. திருச்சபைக்குள் மரபுவாதிகள் அதையே விசுவாச துரோகம் என்றார்கள். நிறுவனங்களின் நோக்கம் பற்றி விவாதிக்க இடமுண்டு. தன் நாட்குறிப்பில், யாரும் படிக்காத பக்கத்தில், நள்ளிரவில் நடுங்கிய மனிதரை மாறுவேடம் என்று சொல்வது பொருந்தாது.

இமயமும் இந்தூரும்

1955 இறுதியில் திருக்கோவிலூரில் ஞானானந்தரைச் சந்தித்த பிறகும், 1956 இறுதியில் கும்பகோணத்தின் மௌன மந்திரத்தில் ஒரு மாதம் அடைபட்டு இருந்த பிறகும் லெ சோவின் கால்கள் வடக்கே திரும்பின. 1960களின் தொடக்கத்தில் உத்தரகாசி அருகே ஞான்சுவில் கங்கைக் கரையில் ஒரு சிறு குடில் அமைந்தது. 1968இல் சாந்திவனத்தை பீட் கிரிஃபித்ஸிடம் ஒப்படைத்துவிட்டு முழுமையாக அங்கே போனார். திருவண்ணாமலை எழுத்தில் மட்டும் எஞ்சியது.

கடைசி ஆண்டுகளில் அவர் கண்ட வழி, தாம் கிறிஸ்துவுக்கும் அத்வைதத்துக்கும் இடையே நிற்பதாக எண்ணுவதை விட்டுவிடுவது. இயேசு ‘அப்பா’ என்று அழைத்த அனுபவம் எதுவோ, அதுவே உபநிடத ரிஷிகள் விழித்துக்கொண்ட அனுபவம் என்று எழுதினார். கடவுளிடம் இயேசு கொண்டிருந்த பற்றைத் தொலைவில் நின்று வணங்காமல் அதற்குள்ளேயே நுழைவதுதான் சீடனின் வேலை என்பது அவர் துணிவு. இது மொன்ஷானினின் மறுப்புக்குப் பதிலாகுமா? முழுமையாக ஆகாது. ‘அப்பா’ என்ற சொல்லில் அழைக்கப்படும் ஒருவர் இன்னும் இருக்கிறார். லெ சோ அந்தச் சொல்லைக் கைவிடவில்லை என்பது இங்கே அவருடைய தர்க்கத்தைவிட அதிகம் சொல்கிறது.

1973 ஜூலை 14 அன்று ரிஷிகேஷ் தெருவில் மாரடைப்பு வந்து விழுந்தார். பிழைத்தார். விழுந்து கிடந்த அந்த நேரத்தில் தேடியது கிடைத்துவிட்டதாக நண்பர்களுக்கு எழுதினார். அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று இந்தூரில் இறந்தார். குருத்துவத்தை அவர் கடைசிவரை துறக்கவில்லை. ஞான்சுவின் குடிலில் திருப்பலிச் சடங்கு ஆண்டுக்காண்டு எளிமையாகிக்கொண்டே வந்தது. உபநிடத வாசகங்கள் அதில் சேர்ந்தன, ரோமின் விதிகளில் சில உதிர்ந்தன. அப்பமும் ரசமும் இருந்தன.